கேள்வி பதில்: வளரும் மென்பொருள் கம்பெனிக்காரர்களுக்கு

கேள்வி (கோவை): ஸ்பின்னிங் மில்களுக்கு ஈஆர்பி (கணக்கு, சரக்கு, உற்பத்தி எல்லாம் ஒரே இடத்தில் பார்க்கும் மென்பொருள்) செய்கிறோம். 40 கஸ்டமர். வருமானம் ஏறுகிறது, கையில் காசு நிற்கவில்லை.

பதில்: உங்கள் புரோகிராம் கோடில் கஸ்டமர் பெயர்களைப் போட்டுத் தேடுங்கள். எத்தனை இடத்தில் வருகிறதோ அத்தனையும் ஒருவருக்காக மட்டும் செய்த மாற்றம்; அங்கேதான் காசு போகிறது. நான் முன்பு இருந்த கம்பெனியில் ஒரே மென்பொருள் 23 கஸ்டமருக்கு 23 தனிப் பிரதியாக ஓடியது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது. ஒரே இன்வாய்ஸ் மாற்றத்தை 23 தடவை செய்தோம். சுவரில் ஒரு சார்ட். முடிந்த பெயரைச் சிவப்பு மையில் அடிப்போம். அடித்த பெயரே மறுநாள் பிழையோடு திரும்பி வரும். இனி யாராவது மாற்றம் கேட்டால், இன்னும் மூன்று பேருக்கு அது உதவுமா என்று பாருங்கள். உதவும் என்றால் எல்லாருக்கும் செட்டிங்காகக் கொடுங்கள். இல்லையென்றால் தனிக் காசு வாங்குங்கள், கணக்கிலும் தனியாக எழுதுங்கள். மாதச் சந்தாவோடு கலந்தால் ஒரு தடவை வந்த காசும் வளர்ச்சி மாதிரி தெரியும்.

கேள்வி: மாதம் 3 சதவீதம் கஸ்டமர்கள் விலகுகிறார்கள். பெரிய விஷயமா?

பதில்: ஜனவரியில் 100 பேர் என்றால் வருட முடிவில் 69. விளம்பரத்தை நிறுத்திவிட்டு, போன 31 பேருக்கும் நீங்களே ஃபோன் போடுங்கள்.

கேள்வி: என்ன விலை வைக்கலாம்?

பதில்: யாருக்கு, என்ன விற்கிறீர்கள் என்றே எழுதவில்லையே. பேரம் பேசாமல் கையெழுத்துப் போடுகிறவர்கள் அதிகம் என்றால் விலை குறைவு.

கேள்வி: வெளிநாட்டு கஸ்டமருக்கு ஜிஎஸ்டி உண்டா?

பதில்: ஆடிட்டரைக் கேளுங்கள். எல்யூடி (வரி கட்டாமல் ஏற்றுமதி செய்ய எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி) போட்டாயிற்றா என்றுதான் முதலில் கேட்பார்.

கேள்வி (மதுரை): ஜோஹோ வெளி முதலீடு வாங்காமல் வளரவில்லையா? நாங்கள் மட்டும் ஏன் வாங்க வேண்டும்?

பதில்: வாங்கச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கதையைப் பாதியிலிருந்து படிக்காதீர்கள். 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, தொலைத்தொடர்புக் கருவி செய்கிறவர்களுக்கு மென்பொருள் விற்றார்கள். 2001 வாக்கில் அந்தச் சந்தை சரிந்தது. வேறு சரக்குக்கு மாற, விற்றுச் சேர்த்த காசு கையில் இருந்தது. இணையத்திலேயே எழுத உதவும் ஜோஹோ ரைட்டர் வந்தது 2005-ல். உங்களிடம் எத்தனை மாதச் சம்பளம் இருக்கிறது?

இடையில் ஒருவர்: வாடிக்கையாளர் சேவைக்கு மென்பொருள் விற்கும் ஃப்ரெஷ்வொர்க்ஸ் முதலீடு வாங்கித்தானே அமெரிக்கப் பங்குச்சந்தை நாஸ்டாக் வரை போனது?

பதில்: போனது. 2010-ல் சென்னையில் தொடங்கி 2021-ல் பட்டியலானது. உலகம் முழுக்க வேகமாக விற்க வேண்டிய சரக்கு அது. கோவை மில்லுக்கு விற்க அந்த வேகம் எதற்கு?

மதுரைக்காரர்: முதலீடு வாங்கினால் கம்பெனி நம் கையில் இருக்காது.

பதில்: வருமானத்தில் பாதி ஒரே கஸ்டமரிடமிருந்து வந்தாலும் இருக்காது. அவர் கேட்கிற மாற்றமெல்லாம் செய்வீர்கள், கோடில் அவர் பெயர் ஏறும். கோவைக்காரருக்குச் சொன்னதுதான்.

இன்னொருவர்: ஆக, வாங்கலாமா கூடாதா?

பதில்: கஸ்டமர் கொடுக்கிற காசு அவரைப் பிடிக்க ஆன செலவை எத்தனை மாதத்தில் மீட்கிறது? அதைச் சொல்லாமல் இதில் சண்டை போட்டுப் பயனில்லை.

கேள்வி: ஆலோசகர் வைத்தால் பலன் உண்டா?

பதில்: என்னை மாதிரி ஆளா? கைநழுவிய கடைசி பத்து ஆர்டர்களின் விவரத்தைக் கேட்காமலே ஸ்லைடு போட்டால் அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: சார், விலை எப்படி நிர்ணயிப்பது?

பதில்: மேலே பாருங்கள்.