அப்பா இரவில் எழுவது வைட்டமின் டி குறைவாலா?

68 வயது அப்பா இரவில் நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுகிறார், வைட்டமின் டி 14 என்று வந்திருக்கிறது, மாத்திரை போட்டால் இதுவும் நிற்குமா என்று கேட்டிருந்தீர்கள். 14 குறைவுதான். எலும்புக்காகவும் தசைக்காகவும் அதை ஈடுகட்டத்தான் வேண்டும். ஆனால் சிறுநீர்த் தொல்லை அதனால் தீரும் என்று காத்திருக்காதீர்கள். அமெரிக்காவில் நடந்த வைட்டல் என்ற பெரிய வைட்டமின் டி ஆய்வில், தினமும் 2,000 யூனிட் எடுத்துக்கொண்ட ஆண்களுக்கு, அவசரமாகச் சிறுநீர் வரும் தொல்லை ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் குறையவில்லை. இந்த வயதில் புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) வீக்கத்தையும் சர்க்கரையையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அப்புறம், மிக முக்கியமானது. டாக்டர் எழுதிய 60,000 யூனிட் மாத்திரை வாரத்துக்கு ஒன்றுதான். அதைத் தினமும் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. அப்படிப் போட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, தாகமும் சிறுநீரும் இன்னும் கூடும், சிறுநீரகமும் கெடலாம். இன்றைக்கே அட்டையை எடுத்து எண்ணிப் பாருங்கள்.

மூன்று நாளைக்கு எத்தனை மணிக்கு, எவ்வளவு போகிறார் என்று அளந்து எழுதி, யூராலஜிஸ்டிடம் (சிறுநீர்ப் பாதை டாக்டரிடம்) காட்டுங்கள். சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ ரத்தம் கலந்து வந்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.