நார்வே கப்பல் பயணம்: முன்பணம் கட்டுவதற்கு முன் எந்தத் துறைமுகத்தில் ஏறுகிறீர்கள் என்று பாருங்கள்

கேள்வி: நானும் என் மனைவியும் (வயது 63, 58) வரும் ஜூலையில் நார்வே ஃபியார்டுகளை (மலைகளுக்கு நடுவே நிலத்துக்குள் நீண்டு நுழையும் கடல்) கப்பலில் போய்ப் பார்க்க ஆசைப்படுகிறோம். கப்பல் பயணம் இதுதான் முதல்முறை. தருமபுரியில் ஒரு டிராவல்ஸ்காரர், "இங்கிலாந்து சவுத்தாம்டனில் ஏறி அங்கேயே இறங்கலாம், 7 இரவு, ஷெங்கன் விசா ஒன்றே போதும். 12 இரவு என்றால் ஸ்வால்பார்டு வரை போகலாம்" என்கிறார். தலைக்கு 1 லட்சம் முன்பணம் கேட்கிறார். கட்டலாமா? குளிரைத் தாங்குவோமா? – வாசகர், காவேரிப்பட்டணம்.

பதில்: இன்னும் கட்டாதீர்கள். குளிரைச் சமாளிப்பது சுலபம், அதற்குப் பிறகு வருகிறேன். முதலில், அவர் சொன்ன விசாக் கணக்கே தப்பு.

ஷெங்கன் என்பது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டம். இங்கிலாந்து அதில் சேர்த்தி இல்லை. லண்டனில் இறங்கி சவுத்தாம்டனில் கப்பல் ஏற இங்கிலாந்தின் விசிட்டர் விசா வேண்டும். ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்து இறங்கவும் அது செல்லுபடியாக இருக்க வேண்டும். நார்வேக்கு ஷெங்கன் விசா தனி. ஆக இரண்டு விண்ணப்பம், இரண்டு கட்டணம், இரண்டு முறை கைரேகை. உங்களிடம் இருப்பதோ ஆளுக்கு ஒரே பாஸ்போர்ட். ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது என்று வைத்துக்கொண்டால் இரண்டு மாதமாவது ஒதுக்க வேண்டும். "நார்வேயில் இறங்காமல் கப்பலிலேயே இருந்துவிட்டால் விசா வேண்டாம்" என்றும் சிலர் சொல்வார்கள். கப்பல் போகும் நாடுகளுக்கான விசா இல்லையென்றால் ஏறும் இடத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்படித் திரும்பினால் பணமும் திரும்பாது.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் ஜெர்மனியின் கீல், ஹாம்பர்க் அல்லது டென்மார்க்கின் கோபன்ஹேகனில் புறப்படும் கப்பலைக் கேளுங்கள். நார்வேயின் பெர்கனிலேயே ஏறி வடக்கே கிர்கனெஸ் வரை போய்த் திரும்பும் கரையோரக் கப்பல்களும் உண்டு. இவை எல்லாவற்றுக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும். வழியில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்துத் துறைமுகம் எதுவும் வருகிறதா என்று மட்டும் பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது? அதிக நாள் எந்த நாட்டில் இருக்கப்போகிறீர்களோ அங்கே. கீலில் ஏறினாலும் நான்கு நாள் நார்வேத் துறைமுகங்களில் என்றால் நார்வேயிடம்தான் போக வேண்டும். "நார்வேக்குத் தேதி இல்லை, பிரான்ஸுக்கு இருக்கிறது, பாரிஸில் ஐந்து நாள் ஹோட்டல் போட்டுக் காட்டிவிடலாம்" என்று ஏஜென்ட் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பொய் ஹோட்டல் பதிவும், கடைசி வாரத்தில் கணக்கில் திடீரென்று விழுந்த இரண்டு லட்சமும் விசா அதிகாரிகளுக்குப் பழகிப்போன சங்கதிகள். விண்ணப்பத்தில் கையெழுத்து உங்களுடையது. மறுப்பும் உங்கள் பெயரில்தான் பதிவாகும், ஏஜென்ட் பெயரில் அல்ல.

பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். ஜூலைக்கு ஜனவரியிலேயே ஆரம்பியுங்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, விசா விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. வழக்கமாக 15 நாளில் முடிவு வரும், 45 நாள் வரையும் இழுக்கலாம். பாஸ்போர்ட் திரும்பும் தேதிக்குப் பிறகும் 3 மாதம் செல்ல வேண்டும், 10 ஆண்டுக்குள் வாங்கியதாகவும் இருக்க வேண்டும். கைரேகைக்கு நீங்கள் இருவரும் நேரில்தான் போக வேண்டும். "நீங்கள் வரவே வேண்டாம்" என்பவரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள். மையத்தில் சொகுசு அறை, குறுஞ்செய்தி, கூரியர் என்று ஒவ்வொன்றாக நீட்டுவார்கள். எதுவும் கட்டாயமில்லை. அறையில் உட்கார்ந்ததற்காக விசா சீக்கிரம் வராது.

இப்போது ஸ்வால்பார்டு. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஸ்வால்பார்டு நார்வேக்குச் சொந்தமான தீவுக்கூட்டம்தான். ஆனால் 1920ல் போட்ட ஸ்வால்பார்டு ஒப்பந்தத்தால் அதற்குத் தனி நிலை, அதனால் நார்வே ஷெங்கனில் சேர்ந்தபோதும் அது வெளியே நின்றுவிட்டது. அங்கே போக விசாவே வேண்டாம். அங்கிருந்து திரும்பும்போதுதான் சிக்கல். கப்பல் நார்வேக் கரையை விட்டு ஸ்வால்பார்டுக்குப் போன கணமே நீங்கள் ஷெங்கனைவிட்டு வெளியேறிய கணக்கு. மீண்டும் டிரோம்ஸோவிலோ பெர்கனிலோ கால் வைத்தால் அது இரண்டாவது நுழைவு. உங்கள் விசாவில் ஒருமுறை நுழைவு என்று அச்சாகியிருந்தால் அது ஏற்கெனவே தீர்ந்துபோயிருக்கும். ஆகவே படிவத்தில் பலமுறை நுழைவு என்று கேட்க வேண்டும், ஸ்வால்பார்டு வரும் தேதியைப் பயணத்திட்டத்திலும் விளக்கக் கடிதத்திலும் தனியாகக் காட்ட வேண்டும். ஒருமுறைக்கும் பலமுறைக்கும் கட்டணம் ஒன்றேதான். ஆனால் ஏஜென்ட் அலுவலகத்தில் படிவம் நிரப்பும் பையன் பழக்கதோஷத்தில் 'ஒருமுறை' என்று டிக் அடித்துவிடுவான். விசா ஒட்டி வந்ததும் நுழைவுகளின் எண்ணிக்கை இருக்கும் கட்டத்தைப் பாருங்கள். 01 என்றிருந்தால் ஸ்வால்பார்டு கப்பலில் ஏறாதீர்கள்.

பெயர் விஷயம் ஒன்று. நம் பக்கத்துப் பாஸ்போர்ட்டுகளில் குடும்பப்பெயர் கட்டம் பெரும்பாலும் காலியாக இருக்கும். கப்பல் கம்பெனியின் கணினி அதைக் காலியாக விடாது. ஏஜென்ட் அப்பா பெயரைப் போடுவார், விமான டிக்கெட்டில் வேறொருவர் அதே பெயரையே இரண்டு முறை அடிப்பார். கடைசியில் மூன்று தாளில் மூன்று பெயர். கப்பல் கம்பெனியிடம் எப்படிப் போட வேண்டும் என்று மின்னஞ்சலில் கேட்டு, அந்தப் பதிலை அச்சடித்துக் கையில் வையுங்கள். விமான டிக்கெட்டும் அதற்கு ஒத்திருக்கட்டும். நேரம் இருந்தால் குடும்பப்பெயரோடு பாஸ்போர்ட்டையே மாற்றி வாங்கிவிடுவது இன்னும் நல்லது.

பணம். விசாவுக்குப் பயணப் பதிவைக் காட்டச் சொல்வார்கள். கப்பல்காரரோ புறப்பாட்டுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே முழுப் பணம் கேட்பார். விசாக்காரரும் கப்பல்காரரும் சேர்ந்து உங்கள் தலையில்தான் ஆபத்தை ஏற்றியிருக்கிறார்கள், கேட்பார் இல்லை. அதனால் முன்பணம் கட்டுமுன், எந்தத் தேதிவரை ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்று எழுத்தில் வாங்குங்கள். கட்டிய இரண்டொரு நாளில் உங்கள் பெயரில் பதிவு எண் வர வேண்டும். அதைக் கப்பல் கம்பெனியின் சொந்தத் தளத்தில் நீங்களே போட்டு, கேபின் எண்ணும் பெயரும் வருகிறதா என்று பாருங்கள். "குரூப் புக்கிங், எண் கடைசியில்தான் வரும்" என்றால் இன்னும் உங்களுக்கு இடமே வாங்கவில்லை என்று பொருள். ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். டிசிஎஸ் (பாக்கேஜ் விற்பவரே உங்களிடம் வாங்கி அரசுக்குக் கட்டும் வரி) என்று பிடிப்பதை உங்கள் பான் எண்ணில் கட்டினாரா என்று வருமானவரித் தளத்தில் உங்கள் கணக்கில் சரிபாருங்கள். கட்டியிருந்தால் வருமானவரிக் கணக்கில் அது உங்களுக்கே வரவாகும். கப்பலில் ஊழியர் டிப்ஸ், இணையம், கரைச் சுற்றுலா எல்லாம் பெரும்பாலும் தனி. பாக்கேஜில் எது சேர்த்தி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும் என்பது விசா விதி. உங்கள் வயதுக்கு அந்தக் குறைந்தபட்சத்தோடு நிற்காதீர்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் மறைக்காமல் எழுதி, அதற்கும் சேர்த்து எடுங்கள்.

குளிருக்கு வருவோம். ஜூலையில் பெர்கனில் பகல் 18 டிகிரியை ஒட்டி இருக்கும். ஓசூரின் மார்கழி விடியலைத் தாங்கினவர் இதையும் தாங்குவார். ஸ்வால்பார்டு பக்கம் போனால் ஜூலையிலும் 10 டிகிரிக்குக் கீழேதான். கெய்ராங்கர் ஃபியார்டுக்கு மேலே 1,500 மீட்டரை ஒட்டிய டால்ஸ்நிபா காட்சிமுனையில் கோடையிலும் பனி கிடக்கும். ஆனாலும் ஆளை வாட்டுவது மழையும் காற்றும்தான். பெர்கனில் ஆண்டில் 200 நாளுக்கு மேல் மழை. குடை விரித்தால் காற்று திருப்பிவிடும்.

கம்பளிக் கோட்டை வாங்கிச் சுமக்காதீர்கள், நனைந்தால் கனக்கும். ஆளுக்கு 2 தெர்மல் உள்ளாடை, 1 ஃபிளீஸ் (கனமில்லாத, மெத்தென்ற செயற்கை இழை மேல்சட்டை), அதற்குமேல் தலைமூடியுள்ள மழை புகாத ஜாக்கெட், அதேபோல் ஒரு கால்சட்டை, கம்பளிக் காலுறை 3 ஜோடி, காதை மூடும் குல்லா, கையுறை. ஜாக்கெட்டை ஃபிளீஸ் போட்டுக்கொண்டே அளவு பார்த்து, ஒரு சைஸ் பெரிதாக வாங்குங்கள். உடம்பை ஒட்டிப் பருத்தி பனியன் வேண்டாம், அது வியர்வையைப் பிடித்து வைத்துக் குளிரக் குளிர நிற்கும். செருப்புப் போட்டுக்கொண்டு ஈரமான கப்பல் படியில் இறங்கக் கூடாது, பிடிப்புள்ள ஷூ வேண்டும். உங்கள் மனைவி புடவையைக் கப்பலுக்குள் தாராளமாகக் கட்டட்டும். சிறு படகில் கரைக்குப் போகும்போது மட்டும் வேண்டாம்.

ஃபியார்டுக்குள் தண்ணீர் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். வடகடலிலும் ஸ்டாட் முனையிலும் ஆடும். நடுப்பகுதியில் கீழ்த்தளக் கேபின் கேளுங்கள். அவோமின் போன்ற மாத்திரை வாந்தி வந்த பிறகு போட்டால் பயனில்லை, ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். தூக்கம் வரும். மற்ற மருந்துகளோடு ஒத்துப்போகுமா என்று உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.

பருப்புப்பொடி, ஊறுகாய் கொண்டுபோகலாம். நெய், பால்கோவா வேண்டாம், ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து பால், இறைச்சிப் பண்டங்களை நார்வேக்குள் கொண்டுவரத் தடை. கேபினில் மின்கெட்டில் வைக்க விடமாட்டார்கள். சைவச் சாப்பாடு வேண்டுமென்று பதிவின்போதே எழுதிக் கொடுங்கள்.

துறைமுக நகரத்துக்கு ஒருநாள் முன்பே போய்ச் சேருங்கள். பெரிய பெட்டியைத் துறைமுகத்தில் வாங்கிக்கொள்வார்கள், அது கேபினுக்கு வரச் சில மணி நேரம் ஆகும். மாத்திரை, மருந்துச் சீட்டு, ஜாக்கெட், இரண்டு பாஸ்போர்ட்டுகள், பதிவுத் தாள்கள் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும்.