பதினாலு வருஷம் முடிந்தால் விட்டுவிடுவார்களா? முன்விடுதலை பற்றிச் சில கேள்விகள்

சிறை, தண்டனை, விடுதலை என்று வந்த கடிதங்களை ஒரு கட்டாகச் சேர்த்து வைத்திருந்தேன். பாதிப் பேர் "ஏன் விடுகிறார்கள்?" என்று கோபப்படுகிறார்கள். மீதிப் பேர் "ஏன் விட மாட்டேன் என்கிறார்கள்?" என்று அழுகிறார்கள். இரண்டு தரப்புக்கும் சட்டம் ஒன்றுதான் என்பதால் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

ஆயுள் தண்டனை என்றால் 14 வருடம்தானே? எங்கள் தெருக்காரர் ஒருவர் உள்ளே போய் 17 வருடம் ஆகிறது, இன்னும் வரவில்லையே? (வாசகர், திண்டுக்கல்)

ஆயுள் தண்டனை என்றால் ஆயுள் முழுக்க. காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்ற கோபால் கோட்சே, "கழிவு நாட்களையெல்லாம் (நன்னடத்தைக்கும் வேலைக்கும் தண்டனையில் குறைக்கும் நாட்கள்) கூட்டினால் என் தண்டனை முடிந்துவிட்டது, விடுங்கள்" என்று உச்ச நீதிமன்றம் போனார். அரசு உத்தரவு போட்டு மிச்சத் தண்டனையைத் தள்ளுபடி செய்தால்தான் விடுதலை, தானாக எதுவும் முடியாது என்று 1961-இல் தீர்ப்பு வந்தது. இன்றைக்கும் அதுதான் நிலை.

அப்புறம் இந்த 14 எங்கிருந்து வந்தது? 1978-இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 433-ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 475. கொலை மாதிரி, தூக்குத் தண்டனையும் விதிக்கக்கூடிய ஒரு குற்றத்துக்கு ஆயுள் தண்டனை பெற்றவரை, 14 வருடம் நிஜமாகச் சிறையில் கழிக்கும் முன் விடக்கூடாது என்று அரசின் கையைக் கட்டுகிற பிரிவு அது. கழிவு நாட்களை இந்த 14-இல் சேர்க்க முடியாது. 14 முடிந்தால் அவர் பெயர் பரிசீலனைக்குப் போகும், அவ்வளவுதான்.

உங்கள் தெருக்காரரின் தீர்ப்பு நகலை ஒருமுறை வாங்கிப் படிக்கச் சொல்லுங்கள். "25 வருடத்துக்குத் தண்டனைக் குறைப்பு கூடாது", "சாகும் வரை" என்று உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோ எழுதியிருந்தால் கதையே வேறு. அப்படி எழுத அந்த நீதிமன்றங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2015-இல் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்துவிட்டது.

பக்கத்து ஊர்க்காரருக்கு 7 வருடம் தீர்ப்பானது. 5 வருடத்தில் வந்து டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறார். பணம் கொடுத்தாரா? (வாசகர், பட்டுக்கோட்டை)

கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சந்தேகப்படுவோம். தீர்ப்புக்கு முன்னால் விசாரணைக் கைதியாக 14 மாதம் உள்ளே இருந்தார் என்று வையுங்கள். அந்த நாட்களைத் தண்டனையில் கழித்துக்கொள்ளச் சட்டமே சொல்கிறது. மிச்சம் 5 வருடம் 10 மாதம். ஒழுங்காக நடந்துகொண்டால், கொடுத்த வேலையைச் செய்தால், மாதாமாதம் சில நாட்கள் கழிவு சேரும். கணக்குக்காக மாதம் 5 நாள் என்று வைத்துக்கொண்டால் 5 வருடத்தில் 300 நாள், அதாவது 10 மாதம். தீர்ந்தது கணக்கு. நடுவில் சண்டை போட்டாலோ செல்போனோடு மாட்டினாலோ சேர்த்த நாட்கள் பறிபோகும்.

ஏன் கொடுக்கிறார்கள் என்றால், கொடுக்காமல் சிறையை நடத்த முடியாது. நூற்றுக்கணக்கான பேரை விரல் விட்டு எண்ணக்கூடிய காவலர்கள் லத்தியால் மட்டும் அடக்கிவைத்துவிட முடியுமா? ஒவ்வொரு கைதியும் தன் கழிவு நாட்களை மனப்பாடமாக வைத்திருப்பார். மனு பார்க்க (சிறையில் நேரில் சந்திக்க) வரும் மனைவியிடம் பிள்ளைகளின் படிப்பைக் கேட்ட கையோடு "இன்னும் இத்தனை நாள்" என்றுதான் சொல்வார். அந்த எண் குறைந்துகொண்டே வருவதால்தான் சமையல்கூடமும் தறியும் ஓடுகின்றன.

தலைவர்கள் பிறந்த நாளுக்குக் கைதிகளை விடுவது என்ன நியாயம்? பிறந்த நாளுக்கும் கொலைக்கும் என்ன சம்பந்தம்? (வாசகி, மதுரை)

சம்பந்தம் எதுவும் இல்லை. ஆனால் சட்டத்தில் வழி இருக்கிறது. அரசியல் சாசனத்தின் 161-ஆவது பிரிவு ஆளுநருக்குத் தரும் அதிகாரத்தை அந்த 14 வருடத் தடை கட்டுப்படுத்தாது. ஆளுநர் என்றால் நடைமுறையில் மாநில அமைச்சரவை. அதனால்தான் 2008-இல் அண்ணா நூற்றாண்டின்போது 7 வருடம் முடித்த ஆயுள் கைதிகளைக்கூட விட முடிந்தது. அந்த ஒரு தடவையில் மட்டும் 1,405 பேர். எம்.ஜி.ஆர். நூற்றாண்டுக்காக 2018-இல் வந்த அரசாணையில் 10 வருடம் என்று வைத்தார்கள். ஆட்சி மாறினாலும் பழக்கம் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நீங்கள் மதுரை என்பதால் மேலவளவு உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1997 ஜூன் 30-ஆம் தேதி, தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட அந்த ஊராட்சியின் தலைவர் முருகேசனையும் உடன் வந்தவர்களையும் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். 17 பேருக்கு ஆயுள் தண்டனை. அதில் 3 பேர் 2008-இல் அண்ணா நூற்றாண்டுக் கணக்கில் வெளியே வந்தார்கள், 13 பேர் 2019-இல் எம்.ஜி.ஆர். நூற்றாண்டுக் கணக்கில். ஜாதிக்காக நடந்த கூட்டுக் கொலையும் குடிபோதையில் நடந்த அண்ணன் தம்பிச் சண்டையும் ஒரே பட்டியலில் வந்துவிட்டன.

என் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். முன்விடுதலை வேண்டும், கட்டாயம் வேண்டும். ஆனால் பிறந்த நாளுக்கு மொத்தமாக விடுவதை நான் ஏற்கவில்லை. திருந்தியவர் தேதிக்காகக் காத்திருக்கிறார், திருந்தாதவர் தேதியின் புண்ணியத்தில் வருகிறார். வருடம் முழுக்க ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்து, காரணம் எழுதி விட்டால் இந்தக் கூத்து தேவைப்படாது.

ராஜீவ் கொலை வழக்கில் ஏழு பேரை விட்டதும் இதே முறையிலா? (வாசகர், கும்பகோணம்)

இல்லை. அதில் வழியே கிடைக்காமல் கடைசியில் நீதிமன்றமே கதவைத் திறந்தது. கருணை மனுவில் 11 வருடம் தாமதம் என்று 2014 பிப்ரவரியில் மூவரின் தூக்குத் தண்டனையை உச்ச நீதிமன்றம் ஆயுளாக்கியது. மறுநாளே ஏழு பேரையும் விடப்போவதாக மாநில அரசு அறிவித்தது. மத்திய அரசு எதிர்த்தது. சி.பி.ஐ. விசாரித்த வழக்கு என்பதால் மத்திய அரசின் ஒப்புதல் இல்லாமல் முடியாது என்று 2015-இல் தீர்ப்பு. சரி என்று 2018 செப்டம்பரில் அமைச்சரவை 161-ஐப் பிடித்து ஆளுநருக்குப் பரிந்துரை அனுப்பியது. அவர் இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்துவிட்டு 2021 ஜனவரியில் குடியரசுத் தலைவருக்குத் தள்ளிவிட்டார்.

அமைச்சரவை சொன்னால் ஆளுநர் கட்டுப்பட வேண்டும், அதை மேலே அனுப்ப அவருக்கு வேலையில்லை என்று சொல்லி, 2022 மே 18-இல், முழு நீதி கிடைக்க எந்த உத்தரவும் போட அதிகாரம் தரும் அரசியல் சாசனத்தின் 142-ஆவது பிரிவின்படி, உச்ச நீதிமன்றமே அந்த மூவரில் ஒருவரான பேரறிவாளனை விடுவித்தது. மற்ற ஆறு பேர் அந்த நவம்பரில். அதற்குள் முப்பது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. இதை "சீக்கிரம் விட்டார்கள்" என்ற கணக்கில் சேர்ப்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

ஐயா, என் தம்பி உள்ளே போய் 16 வருடம் ஆகிறது. முன்விடுதலை மனுவை நிராகரித்துவிட்டார்கள். "சட்டம் ஒழுங்கு பிரச்சினை வரும்" என்று ஒரே வரி. இனி என்ன செய்வது? (ஒரு சகோதரி, விருதுநகர்)

அம்மா, அந்த ஒரே வரிதான் உங்களுக்குச் சாதகம். விடுதலை கேட்பது உரிமை இல்லை, ஆனால் ஒழுங்காகப் பரிசீலிக்கப்படுவது உரிமை. குற்றம் ஒரு தனி ஆளுக்கு எதிரானதா, சமூகத்தையே பாதித்ததா. மறுபடி செய்ய வாய்ப்பு இருக்கிறதா. செய்யும் திறன் இன்னும் அவருக்கு இருக்கிறதா. இனியும் உள்ளே வைத்து ஆகப்போவது என்ன. குடும்பத்தின் நிலைமை எப்படி. இதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று 2000-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கேரளத்தில் 26 வருடம் உள்ளே இருந்த ஒருவரை 2023-இல் விடுவித்தபோது, குற்றத்தின் வகையை மட்டும் வைத்துத் திரும்பத் திரும்ப நிராகரிப்பது சரியில்லை என்றது. 2025 பிப்ரவரியில் இன்னும் ஒரு படி மேலே போய், விதியில் தகுதி வந்துவிட்டால் மனு கொடுக்காதவரையும் அரசே பரிசீலிக்க வேண்டும், காரணத்தைக் கைதிக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது.

ஆகவே நிராகரிப்பு உத்தரவின் நகலோடு உயர் நீதிமன்றம் போங்கள். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. போலீஸ் அறிக்கையும் நன்னடத்தை அலுவலர் அறிக்கையும் என்ன சொல்கின்றன என்று பாருங்கள். அந்த அலுவலர் தெருவுக்கு வந்து கேட்பது சாதாரணக் கேள்விகள்தான்: வந்தால் எங்கே தங்குவார், யார் சோறு போடுவார், எதிர் வீட்டுக்காரர் என்ன நினைக்கிறார். வந்த நேரம் வீடு பூட்டியிருந்து, பக்கத்து வீட்டுக்காரர் "எங்களுக்குத் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டால் அதுவும் அறிக்கையில் ஏறிவிடும். இந்த முறை உங்கள் போன் நம்பரைக் கொடுத்து வையுங்கள். தம்பிக்கு வேலை கொடுக்கத் தயாராக இருக்கும் ஒருவரிடம் கையெழுத்துக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

கொலையானவர் என் அண்ணன். குற்றவாளியை விடும் முன் எங்களைக் கேட்க மாட்டார்களா? (பெயர் வேண்டாம் என்றவர்)

கேட்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை என்பதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. புதிய சட்டத்தின் 473-ஆவது பிரிவு, தண்டனை கொடுத்த நீதிபதியின் கருத்தைக் கேட்பது பற்றிப் பேசுகிறது. உங்களைப் பற்றிப் பேசவில்லை. 2002 குஜராத் கலவரத்தில் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகி, குடும்பத்தினரையும் பறிகொடுத்த பில்கிஸ் பானுவின் வழக்கில் 11 பேரை 2022 ஆகஸ்ட் 15 அன்று குஜராத் அரசு விட்டது. முன்கூட்டி அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் வழக்குப் போட்டார். விசாரணை நடந்தது மும்பையில், ஆகவே முடிவெடுக்க வேண்டியது மகாராஷ்டிர அரசு, குஜராத்துக்கு அந்த அதிகாரமே இல்லை என்று 2024 ஜனவரி 8-இல் உச்ச நீதிமன்றம் விடுதலையை ரத்து செய்தது. 11 பேரும் திரும்பச் சிறைக்குப் போனார்கள். நீங்களும் உங்கள் ஆட்சேபத்தை இப்போதே உள்துறைக்கும் சிறைக் கண்காணிப்பாளருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வையுங்கள். பின்னால் வழக்குப் போட நேர்ந்தால் அது உதவும்.

பரோலில் வெளியே இருந்த நாட்கள் 14 வருடக் கணக்கில் சேருமா? (வாசகர், சேலம்)

சேராது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம்மூர் விதிகளில் அதற்குப் பெயர் விடுப்பு. அந்த விதிகளின் தலைப்பே தண்டனையை நிறுத்திவைப்பது பற்றித்தான்.

சிறையில் இடமில்லாததால்தானே விடுகிறார்கள்? (வாசகர், ஓசூர்)

இடம் போதவில்லை என்பது உண்மை. 2022 முடிவில் நாடு முழுக்கச் சிறைகளில் 100 பேர் இடத்தில் 131 பேர் இருந்தார்கள். ஆனால் மொத்தம் 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். தண்டனை பெற்றவர்களை முன்கூட்டி விட்டால் நெரிசல் எவ்வளவு குறைந்துவிடும்? பார்க்க வேண்டியது புதிய சட்டத்தின் 479-ஆவது பிரிவை. இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர், அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் ஜாமீன், மற்றவர்களுக்குப் பாதி. தூக்கோ ஆயுளோ விதிக்கக்கூடிய வழக்கு என்றாலும், ஒன்றுக்கு மேல் வழக்கு நிலுவையில் இருந்தாலும் இது பொருந்தாது. நாள் கணக்கு முடிந்ததும் நீதிமன்றத்துக்கு எழுத வேண்டியது சிறைக் கண்காணிப்பாளரின் வேலை. எழுதவில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போய் ஒரு மனு கொடுங்கள். அங்கே வக்கீல் ஃபீஸ் கிடையாது.