பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. இயற்பியல் 2ஆம் ஆண்டு படிக்கிறேன். ஐஐடி மாதிரி இடத்தில் கோடை ஆராய்ச்சிக்குப் போக என்ன செய்யணும்?

ஏப்ரலில் தேட ஆரம்பித்தால் கதவு சாத்தியிருக்கும். நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகள் (IASc, INSA, NASI) சேர்ந்து தரும் 2 மாத கோடை ஃபெல்லோஷிப்புக்கு முந்தைய ஆண்டு தீபாவளியை ஒட்டியே விண்ணப்பிப்பது வழக்கம். சென்னை ஐஐடியின் கோடைத் திட்டம் பிப்ரவரி, மார்ச் வாக்கில் வரும். தேதிகள் நகரும், அவரவர் தளத்தில் பார்த்துக்கோங்க.

மார்க் ஓரளவுக்குத்தான் பேசும். "எனக்கு ஆர்வம் உண்டு" என்று எல்லாரும்தான் எழுதுகிறார்கள். கையில் ஒரு சின்ன வேலை இருக்கணும், அதுக்கு லேப் வேண்டாம்.

உதாரணத்துக்கு, நாம் சிற்பம் பார்க்கப் போகும் கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருக்கு. காந்த நடுக்கோட்டுக்கு (பூமியின் காந்தப்புலம் தரைக்குக் கிடையாக இருக்கும் கோடு) பக்கம் என்பதால் அந்த இடம். பகலில் நம் தலைக்கு மேலே நூறு கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் மின்னோட்டம் இங்கே காந்தப்புலத்தைக் கூட்டிவிடும்; மும்பை பக்கம் அலிபாகில் அந்தப் பாதிப்பு இல்லை. இரண்டு ஊரின் கிடைப்புல (காந்தப்புலத்தின் கிடைமட்டக் கூறு) அளவுகளையும் மும்பையில் உள்ள தரவு மையத்தில் கேட்டு வாங்குங்க. ஒவ்வொன்றிலும் நள்ளிரவுச் சராசரியைக் கழித்து, பிறகு நெல்லையிலிருந்து அலிபாகைக் கழிங்க. மிஞ்சுவதுதான் அந்த மின்னோட்டத்தின் பலம், நானோடெஸ்லாவில். காந்தப்புயல் இல்லாத 5 நாள் போதும்.

சறுக்குவது இரண்டு இடத்தில். தரவின் நேரம் பெரும்பாலும் உலக நேரம், நம் நள்ளிரவு அதில் 18:30. ஐந்தரை மணி நேரத்தைக் கூட்ட மறந்தால் நண்பகல் மேடு காலை ஆறு மணி வாக்கில் வந்து நிற்கும். அடுத்து, விட்டுப்போன அளவுக்குப் பதில் 99999 என்று இருக்கும். அதை நீக்காமல் சராசரி எடுத்தால் வரைபடம் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும்.

அப்புறம் மெயில். ஒரு பேராசிரியருக்கு ஒரு மெயில். முப்பது பேரை ஒரே மெயிலில் கோர்த்தால் முப்பது பேருமே குப்பையில் போடுவார்கள். அவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் ஒரு கேள்வி, நீங்கள் வரைந்த படம் ஒன்று, ஒரு பக்க பயோடேட்டா, வரக்கூடிய தேதிகள். பத்து வரி தாண்ட வேண்டாம். பதில் இல்லையென்றால் 10 நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல்.

பரிந்துரைக் கடிதத்துக்குத் துறைத்தலைவரைத்தான் பிடிக்கணும் என்றில்லை. அந்தப் படத்தைப் பார்த்து, திருத்தச் சொன்ன ஆசிரியரிடம் கேளுங்க. கெடுவுக்கு 2 வாரம் முன்பே கேட்கணும். கடிதம் போய்ச் சேராத விண்ணப்பம் அரைகுறையாகவே கிடக்கும்.