கிளிமஞ்சாரோ ஏற ஆறு மாதம் இருக்கிறது: 47 வயதில் எப்படித் தயாராவது?

உங்கள் வயது 47, வேலை நாற்காலியில், வலது முழங்கால் இறங்கும்போது அவ்வப்போது வலிக்கிறது, ஆறு மாதம் கையில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பயண நிறுவனம் தான்சானியாவில் உள்ள கிளிமஞ்சாரோ மலைக்கு மரங்கு என்ற வழியில் ஐந்து நாள் திட்டம் ஒன்றைத் தந்திருப்பதையும் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். நீங்கள் கேட்டிருப்பது உடற்பயிற்சியைப் பற்றி என்றாலும், என் பதிலை அந்த ஐந்து நாளிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. பயிற்சி தொடங்குவதற்கு முன்பே நீங்கள் மாற்ற வேண்டியது அதுதான்.

நான் கோயம்புத்தூர்க்காரன். 2022 செப்டம்பரில், 45 வயதில், இரண்டு நண்பர்களுடன் மச்சாமே என்ற வேறொரு வழியாக ஏழு நாள் திட்டத்தில் கிளிமஞ்சாரோ ஏறி வந்தேன். எங்கள் மூவரில் உடல்திறன் மிக்கவர் பல ஆண்டுகளாக நெடுந்தூர ஓட்டப் பந்தயங்களில் ஓடிவருபவர். உச்சிக்குக் கிளம்பும் இரவில், உச்சிக்கு முந்தைய கடைசி முகாமான பராஃபுவுக்கு மேலே இரண்டு மணி நேரம் ஏறிய பிறகு, நேராக நிற்க முடியாமல் திரும்பியவரும் அவர்தான். அவருடைய கால்களிலோ நுரையீரலிலோ எந்தக் குறையும் இல்லை. உயரத்துக்கு உடல் பழகுவது தனிக் கணக்கு, அது ஓடிப் பழகிய உடலையும் ஓடாத உடலையும் பிரித்துப் பார்ப்பதில்லை. முதல் மூன்று நாளும் அவர் எங்களுக்கு முன்னால் நடந்துகொண்டே இருந்தார் என்பது மட்டும் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. நான் அவரை இன்னும் அழுத்திச் சொல்லித் தடுத்திருக்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர். மச்சாமே வழியில் முதல் இரவு தங்கும் முகாமே ஏறத்தாழ 2,835 மீட்டரில் இருக்கிறது, அதாவது நாம் இங்கே எங்கு ஏறிப் பயிற்சி செய்தாலும் அந்த மலையின் முதல் இரவைக்கூட ஒத்திகை பார்த்துவிட முடியாது. உச்சியான உஹுரு 5,895 மீட்டர், அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதிதான். 3,000 மீட்டருக்கு மேல் போனபின் ஓர் இரவு தூங்கும் இடத்துக்கும் அடுத்த இரவு தூங்கும் இடத்துக்கும் இடையே 500 மீட்டருக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது என்பது மலை மருத்துவத்தின் பொதுவான அறிவுரை. மரங்கு வழியின் ஐந்து நாள் திட்டத்தில் மண்டாரா, ஹொரொம்போ, கிபோ ஆகிய மூன்று குடில்களும் சுமார் 2,700, 3,700, 4,700 மீட்டரில் இருக்கின்றன. ஒவ்வோர் இரவும் ஆயிரம் மீட்டர் தாவி, மூன்றாம் இரவு சரியாகத் தூங்காமலே உச்சிக்குக் கிளம்ப வேண்டும்.

உயரத்துக்குப் போனதும் உடல் முதலில் செய்வது வேகமாக மூச்சு விடுவது. அதனால் இரத்தத்திலிருந்து கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறி, இரத்தத்தின் காரத்தன்மை கூடிவிடுகிறது. உடனே மூச்சை அடக்கும்படி உடலுக்கு எதிர்க் கட்டளை போகிறது, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது இதனால்தான். கூடிய காரத்தைச் சிறுநீரகங்கள் வெளியேற்றிச் சமன் செய்ய ஒன்றிரண்டு நாள்களாவது தேவைப்படுகின்றன. அந்த நாள்களைத்தான் நாம் கூடுதல் பணம் கொடுத்து வாங்குகிறோம். எனவே நிறுவனத்திடம் பேசி, மச்சாமே வழியில் ஏழு நாள், அல்லது பண வசதி இருந்தால் லெமோஷோ வழியில் எட்டு நாள் திட்டத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கூடுதல் நாளுக்குப் பூங்காக் கட்டணமும் ஆள் செலவும் ஏறும் என்பது உண்மைதான், ஆனால் விலை உயர்ந்த ஜாக்கெட்டுக்கும் ஷூவுக்கும் ஒதுக்கி வைத்திருக்கும் தொகையைக் குறைத்தாவது அந்த நாளை வாங்குங்கள். மச்சாமே வழியின் மூன்றாம் நாளில் 4,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் லாவா டவர் என்னும் பாறை வரை ஏறி, அன்று மாலையே ஏறத்தாழ 3,900 மீட்டரில் இருக்கும் பரான்கோ முகாமுக்கு இறங்கித் தூங்குவோம். பகலில் உயரே போய் இரவில் கீழே தூங்கும் இந்த ஒரு நாள், உடலுக்கு வேறெதுவும் கற்றுத்தராத பாடத்தைக் கற்றுத்தருகிறது. எனக்கு லாவா டவரில் தலைவலியும் குமட்டலும் வந்து மதிய உணவை அப்படியே வைத்துவிட்டேன். பரான்கோவுக்கு இறங்கியதும் இரண்டு மணி நேரத்தில் பசி திரும்பிவிட்டது.

இனி பயிற்சிக்கு வருகிறேன். முதல் ஆறு வாரம் தினமும் முக்கால் மணி நேரம் நடந்தால் போதும், ஓட வேண்டாம். அதன் பிறகு வாரத்தில் மூன்று நாள் படிக்கட்டு. நான் வீட்டருகே இருந்த ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் படிகளிலும், ஞாயிறு விடியற்காலையில் மருதமலைப் படிகளிலும் ஏறி இறங்கினேன், முதலில் வெறுங்கையுடன், பிறகு முதுகுப்பையில் மூன்று கிலோ, கடைசி இரண்டு மாதம் ஏழு கிலோ. மலையில் நம் முதுகில் இருக்கப்போவது தண்ணீர், மழைச்சட்டை, கம்பளி, தின்பண்டம் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ அந்த எடைதான். நான்காம் மாதத்திலிருந்து சனி, ஞாயிறு இரண்டு நாளும் தொடர்ந்து ஐந்தாறு மணி நேரம் நடக்கப் பழகுங்கள், ஏனெனில் களைப்பு ஆறாத கால்களுடன் மறுநாள் காலையில் எழுந்து நடப்பதுதான் பல நாள் மலையேற்றத்தின் இயல்பு. பிப்ரவரி முதல் மே வரையில் வாய்ப்பிருந்தால் வெள்ளியங்கிரிக்கு ஒரு முறை போய் வாருங்கள். மூங்கில் தடியை ஊன்றி இருட்டில் ஏழு மலை ஏறி அன்றே இறங்கும்போது, எந்தத் தசை முதலில் தளர்கிறது, எந்த இடத்தில் ஷூ கடிக்கிறது, எத்தனை லிட்டர் தண்ணீர் குடிக்கிறோம் என்பதெல்லாம் தெரிந்துவிடும். நான் அங்கே முதல் மூன்று மலைகளை வேகமாக ஏறிவிட்டு, இறங்கும்போது முழங்கால் பிடித்துக்கொண்டு இரண்டு வாரம் நொண்டினேன். என் பயிற்சியைத் திருத்தியது அந்த இரண்டு வாரம்தான்.

உங்கள் முழங்காலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் எல்லோரும் ஏறுவதற்குத் தயாராகிறார்கள், இறங்குவதை மறந்துவிடுகிறார்கள். உச்சி நாளில் நள்ளிரவுக்குக் கிளம்பி, பராஃபுவின் 4,673 மீட்டரிலிருந்து உச்சியின் 5,895 மீட்டருக்கு ஏறி, அதே நாளில் ஏறத்தாழ 3,100 மீட்டரில் உள்ள ம்வேகா முகாம் வரை இறங்குகிறோம். தூங்காத உடலுடன் ஒரே நாளில் 2,800 மீட்டர் இறக்கம். தொடைத் தசை நீண்டுகொண்டே எடை தாங்கும் வேலை அது, ஏறும்போது நடப்பதற்கு நேர்மாறானது, அதைத் தனியாகத்தான் பழக்க வேண்டும். ஒரு படியின் விளிம்பில் நின்று, ஒரு காலை மட்டும் மடக்கி, நான்கு எண்ணும் வரை மெதுவாகக் கீழே இறங்குவதைத் தினமும் காலுக்குப் பதினைந்து முறை செய்தேன். வலி ஏற்கெனவே இருப்பதால், நீங்கள் இதைத் தொடங்குமுன் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் முழங்காலைக் காட்டிவிடுங்கள். ஊன்றுகோல் இரண்டும் அவசியம், பயிற்சியிலேயே அவற்றுடன் நடந்து பழகுங்கள். இறங்கும்போது கால்விரல்கள் ஷூவின் முனையில் இடித்துக்கொண்டே இருக்கும் என்பதால், அரை அளவு பெரிய ஷூவை இப்போதே வாங்கிப் பழக்கி, கிளம்புவதற்கு முதல் நாள் கால் நகங்களை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்து, மெதுவாக நடக்கும் பயிற்சி. வழிகாட்டிகள் ‘போலே போலே’ என்று நாளெல்லாம் சொல்லிக்கொண்டே வருவார்கள், சுவாஹிலியில் ‘மெல்ல மெல்ல’ என்று பொருள். பக்கத்தில் வருபவருடன் மூச்சு வாங்காமல் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம்தான் சரியான வேகம். ஊரில் அந்த வேகத்தில் நடந்தால் கூச்சமாக இருக்கும், மலையில் முதல் நாள் பொறுமையைச் சோதிக்கும், ஆனாலும் வழிகாட்டியை ஒருபோதும் முந்தாதீர்கள்.

மருத்துவரிடம் கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே போய்விடுங்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை, இதயம் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, அசெட்டசோலமைடு மாத்திரை உங்களுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். சிறுநீரகங்கள் செய்யும் சமன் வேலையை இந்த மருந்து விரைவுபடுத்துகிறது. எனக்கு எழுதிக் கொடுத்தது 125 மில்லிகிராம், காலையும் மாலையும், ஏறத் தொடங்குவதற்கு முதல் நாளிலிருந்து. சல்ஃபா மருந்துகளுக்கு ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். இந்த மாத்திரையால் விரல் நுனிகள் மரத்துப்போவதுபோல் குறுகுறுக்கும், அடிக்கடி சிறுநீர் வரும். இவை மலையில் முதன்முறையாக வந்து பயமுறுத்தாமல் இருக்க, மருத்துவர் ஒப்புதலுடன் வீட்டிலேயே இரண்டு நாள் சாப்பிட்டுப் பாருங்கள். மலேரியாத் தடுப்பு மாத்திரை, தடுப்பூசிகள் பற்றியும் அப்போதே பேசிவிடலாம். பயணக் காப்பீட்டில் 6,000 மீட்டர் வரையிலான நடைப்பயணமும் மீட்புச் செலவும் அடங்குகின்றனவா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சாதாரணச் சுற்றுலாக் காப்பீடுகள் பல அதற்கு வெகு கீழேயே நின்றுவிடும்.

மாத்திரை சாப்பிடுவதால் உயரத்தால் வரும் நோய் வராது என்று எண்ணிவிடாதீர்கள். காலையும் மாலையும் வழிகாட்டிகள் விரலில் கருவி மாட்டி ஆக்சிஜன் அளவைப் பார்த்து, தலைவலி உண்டா, சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்று கேட்பார்கள். அப்போது உண்மையைச் சொல்லுங்கள். திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் பலர் தலைவலியை மறைக்கிறார்கள், என் நண்பரும் பராஃபுவில் அதைத்தான் செய்தார். ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, இருமலில் நுரை வருவது, நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடுவது, பேச்சுக் குழறுவது ஆகியவை நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்துக்கொள்வதன் அடையாளங்கள். அதற்கு உடனே கீழே இறங்குவதே முதல் மருந்து, விடியட்டும் என்று காத்திருக்கவே கூடாது. நண்பரின் தள்ளாட்டத்தைக் கண்ட துணை வழிகாட்டி ஒரு நிமிடமும் வாதிக்காமல் அவரைத் தோளோடு பிடித்துக் கீழே கூட்டிப்போனார். அந்த மனிதருக்கு நான் என்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

துணிமணிகளில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: உடலை ஒட்டி அணிவது எதுவும் பருத்தியாக இருக்க வேண்டாம், வியர்வையில் நனைந்தால் காயாது. மழைக்காட்டில் ஈரப் புழுக்கத்துடன் தொடங்கி, உச்சியில் பூஜ்யத்துக்குக் கீழே பத்து, பதினைந்து டிகிரி வரை போகும் என்பதால் மெல்லிய அடுக்குகளாக எடுத்துக்கொள்ளுங்கள். தடித்த ஜாக்கெட், குளிர் தாங்கும் படுக்கைப்பை ஆகியவற்றை மலையடிவாரத்தில் உள்ள மோஷி நகரில் வாடகைக்கு எடுக்கலாம், ஷூவை மட்டும் வாடகைக்கு எடுக்காதீர்கள். உச்சி இரவில் குழாயால் உறிஞ்சிக் குடிக்கும் தண்ணீர்ப் பை உறைந்துவிடும், ஆகவே வாய் அகன்ற புட்டியில் வெந்நீர் ஊற்றி, கம்பளிக் காலுறைக்குள் தலைகீழாக வையுங்கள். பனி மேற்பரப்பில்தான் முதலில் பிடிக்கும், தலைகீழாக இருந்தால் மூடி உறையாது. தான்சானியாவில் 2019 ஜூன் முதல் பிளாஸ்டிக் கைப்பைகளுக்குத் தடை இருப்பதால், பொருள்களைத் துணிப்பைகளில் பிரித்துக் கட்டுங்கள்.

சைவம் என்று முன்கூட்டியே சொன்னால் சமையல்காரர் நன்றாகவே பார்த்துக்கொள்வார், சூடான சூப்பும் கஞ்சியும் இஞ்சித் தேநீரும் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் 4,000 மீட்டருக்கு மேல் எதுவும் தொண்டையில் இறங்காது. அங்கே எனக்குக் கைகொடுத்தவை வீட்டிலிருந்து கொண்டுபோன பருப்புப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், கடலை மிட்டாய். வெறும் சோற்றையும் உருளைக்கிழங்கையும் அந்த ஊறுகாயோடுதான் உள்ளே தள்ளினேன். ஒரு நாளைக்கு மூன்று லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் குடியுங்கள்.

நிறுவனத்திடம் நாள்களைக் கூட்டச் சொல்லிப் பேசும்போதே, சுமைதூக்குபவர்களைப் பற்றியும் கேளுங்கள். வழிகாட்டி இல்லாமல் இந்த மலையில் ஏற அனுமதியில்லை. எங்கள் மூவருக்காக வழிகாட்டிகளும் சமையல்காரரும் சேர்த்து பதினைந்து பேர் வந்தார்கள். பராஃபுவுக்கு முந்தைய முகாமான கரங்காவுக்கு மேலே நீரூற்று கிடையாது, பராஃபுவில் நாம் குடிக்கும் ஒவ்வொரு குவளைத் தண்ணீரையும் அவர்கள்தான் தலையில் வைத்துச் சுமந்து வருகிறார்கள். ஒருவர் குழுவுக்காகச் சுமக்கும் எடை 20 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது பூங்கா விதி. நாள் கூலி எவ்வளவு, மூன்று வேளைச் சாப்பாடு உண்டா, அவர்கள் தூங்க நல்ல கூடாரம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். ‘கிளிமஞ்சாரோ போர்ட்டர்ஸ் அசிஸ்டன்ஸ் புராஜெக்ட்’ என்ற அமைப்பு இவற்றைக் கண்காணித்து, முறையாக நடத்தும் நிறுவனங்களின் பட்டியலை வைத்திருக்கிறது. உங்கள் நிறுவனம் அதில் உள்ளதா என்று பாருங்கள். கேட்கும் விலை மற்றவர்களைவிட மிகவும் குறைவாக இருந்தால், அந்தக் குறைவு பெரும்பாலும் இவர்களுடைய கூலியிலிருந்தும் சாப்பாட்டிலிருந்தும்தான் வருகிறது. கடைசி நாளில் தரும் அன்பளிப்புத் தொகையையும் இப்போதே செலவுக் கணக்கில் சேர்த்து வைத்து, ம்வேகா வாயிலில் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு என்று எல்லோர் முன்னிலையிலும் வாசித்துக் கொடுங்கள்.