300 டன் காப்பர் ஸ்லாக்: உலை போடலாமா?

கேள்வி: பட்டர்வொர்த்தில் பட்டறை வைத்திருக்கிறேன். கப்பல் அடிப்பாகம், எண்ணெய்த் தொட்டி இவற்றின் துருவைக் காப்பர் ஸ்லாக் (செம்பு உருக்கும்போது மிஞ்சும் கழிவு மணி) வீசி எடுக்கும் தொழில். பயன்படுத்திய ஸ்லாக் 300 டன் வரை குவிந்துவிட்டது. சோதனைக்கூட அறிக்கையில் இரும்பு 40 சதவீதம், செம்பு 0.7 சதவீதம் என்று இருக்கிறது. சிறிய உலை போட்டு இரண்டையும் பிரித்து விற்கலாம் என்று ஒருவர் கூட்டுக்கு அழைக்கிறார். இறங்கலாமா ஐயா?

பதில்: இறங்க வேண்டாம். அறிக்கையில் தவறில்லை, செம்பு உருக்காலைக் கழிவில் இவ்வளவு இரும்பு இருப்பது வழக்கம்தான். அது எந்த வடிவில் இருக்கிறது என்பதில்தான் சிக்கல்.

இரும்பு அங்கே சிலிக்காவோடு பிணைந்து ஃபயலைட் என்ற கனிமமாக இருக்கிறது. காந்தத்தால் பிரித்துவிட முடியாது. சுண்ணாம்பும் கரியும் சேர்த்து 1,400 டிகிரி செல்சியசுக்கு மேல் உருக்க வேண்டும். சுண்ணாம்பு சிலிக்காவைப் பிடித்துக்கொள்ளும், கரி ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும், இரும்பு அடியில் இறங்கும். செம்பு அதற்கும் முன்னால் இறங்கி அதே இரும்பில் கலந்துவிடும். உங்கள் நண்பர் சொல்வதுபோல இரண்டும் தனித்தனியாக வராது.

உங்கள் 300 டன்னில் 120 டன் இரும்பு, 2.1 டன் செம்பு. கலந்தால் செம்பு 1.7 சதவீதம். அவ்வளவு செம்புள்ள எஃகைச் சூடாக உருட்டினால் மேற்பரப்பில் வெடிப்பு விடும். மழை வெயிலைத் தாங்கும் எஃகில் வேண்டுமென்றே செம்பு சேர்ப்பதுண்டு, அதுவும் ஏறக்குறைய அரை சதவீதம்தான். கழிவில் உள்ள கந்தகமும் ஓரளவு கூடவே வந்துவிடும். இந்தக் கலவைக்கு வாங்குபவரைத் தேடி அலைய வேண்டியிருக்கும். சரி, செம்பு மட்டும் முழுதாகக் கிடைத்ததாகவே வைத்துக்கொள்வோம். டன் 10,000 அமெரிக்க டாலர் என்றாலும் மொத்தம் 21,000 டாலர். உலைக்கும் மின்சாரத்துக்கும் புகை வடிகட்டிக்கும் அது காணாது.

பெரிய உருக்காலைகள் ஸ்லாக்கிலிருந்து செம்பை எடுக்கத்தான் செய்கின்றன. உருகிய கழிவை மெதுவாக ஆறவிடுவார்கள். செம்புத் துளிகள் ஒன்றுசேர்ந்து பெரிதாகும். பிறகு அரைத்து, நுரையில் மிதக்கவிட்டு அள்ளுவார்கள். துருவெடுக்க விற்கும் ஸ்லாக் பெரும்பாலும் தண்ணீரில் சட்டென்று குளிர்விக்கப்பட்டது. கண்ணாடிபோல இறுகிக் கூராக உடைவதால்தான் துருவை அறுக்கிறது. அதே இறுக்கத்தால் செம்பும் நுண்ணிய துளிகளாக உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது.

ஜாம்பியாவின் கிட்வே நகரில் பழைய ஸ்லாக் மேட்டிலிருந்து கோபால்ட்டும் செம்பும் கலந்த இரும்பை மின்வில் உலையில் எடுத்தார்கள். விலை உயர்ந்த கோபால்ட்டும், மலைபோல் கோடிக்கணக்கான டன் கழிவும் இருந்ததால் அது நடந்தது. உங்களிடம் இரண்டும் இல்லை.

உலை வேண்டாம், ஆசிட்டில் கரைக்கலாம் என்று அவர் அடுத்து சொல்லக்கூடும். தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். ஆசிட்டை முதலில் இரும்புதான் குடித்துத் தீர்க்கும். சிலிக்கா கூழாகி வடிகட்டியை அடைக்கும். கழிவிலுள்ள சல்ஃபைடிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கிளம்பும். மூடிய கொட்டகையில் அது ஆளைக் கொல்லும்.

இன்னொன்று, அந்த 0.7 சதவீதம் முழுவதும் ஸ்லாக்கின் செம்புதானா? கப்பல் அடிப்பாகத்துப் பாசி ஒட்டாத பெயிண்டில் செம்பு ஆக்சைடு இருக்கும். பழைய பெயிண்டில் ஈயமும் குரோமியமும் இருக்கலாம். அதனால் ஒரே ஒரு சாம்பிளை அனுப்பாமல், குவியலின் பல இடங்களிலிருந்து எடுத்துச் சல்லடையில் சலித்து, பருமனான மணிகளையும் தூளையும் தனித்தனியே சோதிக்கக் கொடுங்கள். பெயிண்ட் பொடி பெரும்பாலும் தூளில்தான் சேரும். தண்ணீர் பட்டால் உலோகம் கரைந்து வெளியேறுகிறதா என்று பார்க்கும் கசிவுச் சோதனையும் கட்டாயம் கேளுங்கள். நிபோங் திபாலில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகப் பொறியியல் வளாகத்தில் கனிமவளப் பொறியியல் துறை இருக்கிறது. அங்கே விசாரித்துப் பார்க்கலாம்.

பருமனான மணிகள் சுத்தமாக இருந்தால் சலித்து மறுபடி வீசலாம். இனி வீச முடியாது என்ற நிலை வந்தபின், இரும்புச் சத்துக்காகச் சிமெண்ட் ஆலை வாங்கிக்கொள்ள வாய்ப்புண்டு. சிங்கப்பூரில் இதே கழிவைக் கழுவி, கான்கிரீட்டில் மணலுக்குப் பதிலாகப் போட்டிருக்கிறார்கள். தூளை மட்டும் அகற்றுவதற்குக் காசு கொடுக்க வேண்டியிருக்கும்.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் அனுமதி. மலேசியாவின் 2005-ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு (அதாவது ஆபத்தான கழிவு) விதிமுறைகளில் செம்பு கலந்த ஸ்லாக் எஸ்டபிள்யூ 104 என்ற பிரிவில் வருகிறது. அப்படிப்பட்ட கழிவை 180 நாளுக்கு மேலோ 20 டன்னுக்கு மேலோ வைத்திருக்கக் கூடாது. உங்கள் குவியல் அதைப்போல் பதினைந்து மடங்கு. உரிமம் இல்லாதவர் லோரியில் ஏற்றிப் போக விடாதீர்கள். பின்னால் மாட்டிக்கொள்வது நீங்கள். சோதனை முடிவு கைக்கு வரட்டும் என்று காத்திராமல் இந்த வாரமே சுற்றுச்சூழல் துறைக்குப் போய் உள்ளதைச் சொல்லுங்கள். முடிவு சாதகமாக வந்தால், ஏழாவது விதியின்படி சிறப்பு மேலாண்மைக்கு, அதாவது இந்தக் கழிவுக்கு வழக்கமான கட்டுப்பாட்டிலிருந்து விலக்குக் கேட்டு, விண்ணப்பிக்க வழி இருக்கிறது. அதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.