எலும்பில் இருப்பது எலும்புப் புற்றுநோய் இல்லையா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 63. ஆறு வருடத்துக்கு முன் இடது மார்பில் புற்றுநோய் வந்து ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்தது. 5 வருடம் மாத்திரையும் சாப்பிட்டார். இப்போது முதுகுவலிக்காக ஸ்கேன் எடுத்ததில் முதுகெலும்பில் இரண்டு இடத்தில் புற்று தெரிகிறது. அதிலிருந்து பயாப்சியும் எடுத்தார்கள். ஆனால் எலும்புக்கு வைத்தியம் செய்யாமல், மறுபடியும் மார்பகப் புற்றுநோய் மாத்திரையையே தருகிறார்கள். அந்த மார்பைத்தான் எடுத்தாயிற்றே! இது சரியா? வெற்றிலை, புகையிலை போடும் பழக்கமிருந்த என் பெரியம்மாவும் வாய்ப் புற்றுநோயில்தான் இறந்தார். எனக்கு 36 வயது. எனக்கும் வருமா?

பதில்: சரியான வழியில்தான் போகிறார்கள். உங்களுக்கு வந்த சந்தேகம் என்னிடம் வரும் குடும்பங்களில் பாதிப் பேருக்காவது வருகிறது. காரணம், நாம் புற்றுநோயை இடத்தை வைத்துப் பெயர் சொல்லிப் பழகிவிட்டோம். மருத்துவத்தில் அது பிறந்த இடத்தை வைத்துத்தான் பெயர். பிறகு எங்கே போய் உட்கார்ந்தாலும் பெயர் மாறாது.

நம் மொழியில் இந்த நோய்க்குப் புற்று என்று பெயர் வைத்தவர் யாரோ, பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார். மழை பெய்த மறுநாள் புற்றிலிருந்து ஈசல் கிளம்புவதைப் பார்த்திருப்பீர்கள். ஆயிரக்கணக்கில் பறக்கும், பெரும்பாலானவை காக்கைக்கும் தவளைக்கும் இரையாகிவிடும். தப்பிய ஒன்றிரண்டு ஜோடி வேறெங்கோ மண்ணில் இறங்கிப் புதுப் புற்று கட்டும். இடம்தான் புதிது, கரையான் அதே கரையான். அம்மாவின் முதுகெலும்பில் நடந்திருப்பதும் இதுதான். ஆபரேஷனுக்கு முன்பே மார்பிலிருந்து ரத்தத்தில் கிளம்பிய சில செல்கள் எலும்பு மஜ்ஜையில் போய்ப் பதுங்கியிருக்கும். அப்போது எந்த ஸ்கேனிலும் அவை தெரியாது. ஹார்மோனைச் சார்ந்து வளரும் மார்பகப் புற்றுநோய் செல்கள் 10, 15 வருடம்கூடத் தூங்கிவிட்டு எழுந்திருக்கும். எனவே அன்றைக்கு ஆபரேஷன் சரியாகச் செய்யவில்லையோ என்று யாரையும் நொந்துகொள்ள வேண்டாம்.

ஏன் எலும்புக்கே போக வேண்டும்? லண்டனைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட் 1889-ல் இதே கேள்வியைக் கேட்டார். மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை அலசினார். நோய் கண்டபடி பரவாமல் சில உறுப்புகளையே தேடிப் போயிருந்தது. விதை எங்கும் விழலாம், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்பது அவர் முடிவு. இன்றும் அது பொய்க்கவில்லை. மார்பகச் செல்லுக்கு எலும்பு நல்ல மண்.

எலும்பிலேயே பிறக்கும் புற்றுநோய் வேறு சாதி. அதில் முக்கியமானது ஆஸ்டியோசார்கோமா, பெரும்பாலும் வளரும் பிள்ளைகளுக்கு முழங்கால் பக்கம் வரும். எலும்பு, தசை, கொழுப்பு போன்றவற்றில் பிறப்பவை எல்லாம் சார்கோமா, இவை அபூர்வம். மார்பு, குடல், வாய், நுரையீரல் என்று உறுப்புகளின் உள்பூச்சிலும் சுரப்பிகளிலும் பிறப்பவை கார்சினோமா. நாம் கேள்விப்படும் புற்றுநோய்களில் பெரும்பகுதி இவைதான். ரத்தம் உற்பத்தியாகும் மஜ்ஜையில் பிறப்பது லுகீமியா, நெறிகளில் பிறப்பது லிம்போமா. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. அதனால்தான் ஊசி போட்டு எலும்பிலிருந்து துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். அம்மாவின் பயாப்சி ரிப்போர்ட்டில் 'மெட்டாஸ்டேடிக் கார்சினோமா' (வேறிடத்திலிருந்து பரவி வந்த கார்சினோமா), 'ஈஆர் பாசிட்டிவ்' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால், எலும்பில் இருப்பது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைத் தின்று வளரும் மார்பகச் செல். அந்த ஹார்மோனை வெட்டும் மாத்திரைதான் அதற்கு வைத்தியம். எலும்பை அப்படியே விட்டுவிடுவார்கள் என்றில்லை. வலிக்கும் இடத்துக்கு ரேடியேஷன் தருவார்கள், எலும்பு உளுத்துப் போகாமலிருக்க சோலெட்ரானிக் ஆசிட் போன்ற ஊசி போடுவார்கள். அந்த ஊசிக்கு முன் பல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். ஊசி ஆரம்பித்த பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகக்கூடும்.

மறைக்காமல் சொல்கிறேன், இது 4-ஆம் ஸ்டேஜ். அடியோடு ஒழிப்பது அரிது. ஆனால் எலும்பில் மட்டும் இருக்கும் ஹார்மோன் வகையைப் பல வருடம் அடக்கி வைக்க முடிகிறது. ஒன்று மட்டும் முக்கியம். கால் மரத்துப்போனாலோ, நடை தள்ளாடினாலோ, சிறுநீர் இறங்காமல் நின்றாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். தண்டுவடம் நசுங்குகிறது என்று அர்த்தம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். பெரியம்மாவுக்கு வந்ததையும் அம்மாவுக்கு வந்ததையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள். செல் பிரியும்போது அதன் டிஎன்ஏவைப் படியெடுக்கிறது. எழுத்துப்பிழை விழும், பெரும்பாலானதைச் செல்லே திருத்திக்கொள்ளும். வளரச் சொல்லும் ஜீனிலும், நிறுத்தச் சொல்லும் ஜீனிலும் பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தால்தான் செல் கட்டுமீறும். அதற்குப் பல வருடம் பிடிக்கும். பெரியம்மாவின் கன்னத்தில் தினமும் அடக்கிய புகையிலைதான் அந்தப் பிழைகளைச் சேர்த்திருக்கும். பாக்கும் சாது இல்லை. புகையிலை சேர்க்காத வெறும் பாக்கே புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-லேயே அறிவித்துவிட்டது. வெற்றிலைத் தட்டில் இதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

புற்றுநோய்களில் 5 முதல் 10 சதவீதம் மட்டுமே பெற்றோரிடமிருந்து வந்த பிழையால் வருபவை. மார்பகத்தில் முக்கியமானவை பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற ஜீன்கள். இதற்கான ரத்தப் பரிசோதனையை நீங்கள் ஓடிப்போய்ச் செய்ய வேண்டாம், முதலில் அம்மாவுக்குச் செய்யச் சொல்லுங்கள். அவருக்கே அதனால் லாபம் உண்டு, அந்தப் பிழை இருந்தால் அதற்கென்றே தனி மாத்திரை இருக்கிறது. அவருக்கு இருந்தால் உங்களுக்கு இருக்கும் வாய்ப்பு சரிபாதி, அப்போது நீங்களும் பார்க்கலாம். இல்லாவிட்டால் 40 வயதில் மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே ஆரம்பிப்பது பற்றி டாக்டரிடம் பேசுங்கள். அதற்கிடையில் கட்டி, காம்பில் ரத்தக் கசிவு என்று எதாவது தட்டுப்பட்டால் வலி இல்லையே என்று விட்டுவிடாதீர்கள்.

அப்புறம், அடுத்த முறை போகும்போது ஒரு காரியம். முதல் ஆபரேஷனில் எடுத்த சதையை மெழுகில் பதித்து 'பிளாக்' என்று லேபில் வைத்திருப்பார்கள். அதைக் கேட்டு வாங்கி, இப்போதைய பயாப்சியோடு ஒப்பிடச் சொல்லுங்கள். ஈஆரும், செல்லை வளரச் சொல்லும் ஹெர்2 என்ற புரதமும் ஆறு வருடத்தில் சிலருக்கு மாறியிருக்கும். மாறியிருந்தால் மாத்திரையும் மாறும்.